ஆடு விட்டுக் களையை அடக்குவது: களைக்கொல்லியை நிறுத்தியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மேட்டாங்காடு:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று ஏக்கரில் மாவும் கொய்யாவும் வைத்திருக்கிறேன். மரங்களுக்கு நான்கு வயது ஆகிறது. மழை பெய்து இரண்டு வாரம் ஆனால் போதும், வரிசைகளுக்கு நடுவே நடக்க முடியாது. களை இடுப்பளவு நிற்கும். இதுவரை வருடத்துக்கு இரண்டு முறை கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தேன், நடுவில் ஒரு முறை இயந்திரத்தால் வெட்டினேன். மருந்து அடித்த இடத்தில் மண் சிமெண்ட் தரை மாதிரி இறுகிக்கொண்டே வருகிறது. இனி அடிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஆட்டு மந்தை இருக்கிறது. வெள்ளாடும் செம்மறியும் கலந்து அறுபது உருப்படி. "உங்கள் தோட்டத்தில் விட்டால் பத்தே நாளில் மொட்டையாக்கித் தருகிறேன்" என்கிறார். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் கை வரவில்லை.

என்னிடம் உள்ள களைகள்: அருகு, கோரை, சாரணை, மூக்கிரட்டை, முள்ளுக்கீரை. ஒரு மூலையில் பார்த்தீனியம். வேலி ஓரம் முழுக்க உண்ணிச்செடி. இதில் எதை ஆடு தின்னும், எதைத் தின்னாது? மரத்துக்குச் சேதம் வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

வெள்ளாட்டுக்காரர்:

தம்பி, முதலில் ஒன்று. அந்த வெள்ளாடுகளை உள்ளே விடாதீர்கள். நானே வெள்ளாடு வளர்ப்பவன், அதனால்தான் சொல்கிறேன்.

மாடு, செம்மறி, வெள்ளாடு மூன்றுக்கும் மேயும் முறையே வேறு. மாடு நாக்கை நீட்டிப் புல்லைச் சுற்றி வளைத்து இழுத்து அறுக்கும். அதனால் உயரமான புல்தான் அதற்கு வசதி, தரையோடு ஒட்டியதை அதனால் எடுக்க முடியாது. செம்மறிக்கு உதடு மெல்லியது, தலை குனிந்தே போகும், புல்லோடு அகன்ற இலைக் களைகளையும் தரைமட்டத்துக்குக் கொண்டுவரும். வெள்ளாடு தலையைத் தூக்கிக்கொண்டே நடக்கும் பிராணி. அதற்கு முதலில் வேண்டியது தழை, கொழுந்து, புதர், பட்டை. புல் கடைசியில்தான். பின்னங்காலில் எழுந்து நின்றால் ஆறடி உயரம் வரை எட்டும்.

ஒருமுறை ஒரு கொய்யாத் தோப்பில் என் ஆடுகளை விட்டிருந்தோம். களை நிறைய இருந்தது, பசி தீர்ந்துவிடும், மரத்துக்குப் போகாது என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. வயிறு பாதி நிறைந்ததும் ஒரு கிடா போய்க் கொம்பை மரத்தில் தேய்த்தது. பட்டை லேசாக உரிந்து தொங்கியது. பக்கத்தில் நின்ற பெட்டை அந்த நுனியைப் பல்லில் பிடித்து இழுத்தது. முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை நாடா மாதிரி வந்துவிட்டது. அதைப் பார்த்து மற்றவையும் வந்தன. நாங்கள் ஓடிப்போய் விரட்டுவதற்குள் பதினொரு மரம். சுற்றிலும் பட்டை போன நாலு மரமும் செத்துவிட்டன. மழைக்குப் பிறகு மரத்தில் சாறு ஓடும் காலத்தில் பட்டை சுலபமாகக் கழன்று வரும், உங்களுக்கும் அதே காலம்தான்.

வெள்ளாட்டுக்கு ஏற்ற வேலை வேறு: புதர் மண்டிய தரிசு, கொடி ஏறிய சரிவு, ஆள் நுழைய முடியாத முள்காடு. அங்கே அதற்கு ஈடு எதுவும் இல்லை. உங்கள் தோப்புக்குச் செம்மறியை மட்டும் பிரித்துக் கேளுங்கள்.

---

தோப்புக்காரி:

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் ஆறு வருடமாக என் தோப்பில் செம்மறி விடுகிறேன். களைக்கொல்லி அடித்து ஐந்து வருடம் ஆகிறது.

நான்கு வயது மரம் என்கிறீர்கள். தாழ்ந்த கிளைகளைக் கவாத்து செய்து நெஞ்சு உயரத்துக்கு மேல் ஏற்றிவிடுங்கள். தண்டைச் சுற்றி இரண்டடிக்குக் கம்பி வலை அல்லது பழைய சாக்கு கட்டுங்கள். செம்மறியும் வேறு எதுவும் இல்லாவிட்டால் பட்டையைக் கடிக்கும். அதுவரை போகவிடக் கூடாது. நிலத்தில் இன்னும் பச்சை மிச்சம் இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். உள்ளே விடுகிற நாளைவிட வெளியே எடுக்கிற நாள்தான் முக்கியம். "பத்து நாளில் மொட்டையாக்குகிறேன்" என்று அவர் சொல்வது எனக்கு நல்ல சேதியாகப் படவில்லை.

இன்னொன்றும் கேட்கவேண்டும். உங்கள் மரங்களுக்குப் பூஞ்சை நோய்க்கான போர்டோ கலவை அடிப்பீர்களா?

---

மேட்டாங்காடு:

ஆமாம் அக்கா. மாவுக்கு அடிப்பேன், தண்டுக்குப் பசையாகவும் பூசுவேன். அதற்கும் ஆட்டுக்கும் என்ன?

---

தோப்புக்காரி:

அதில் மயில்துத்தம் இருக்கிறது. அதாவது செம்பு. செம்மறிக்குச் செம்பு ஆகவே ஆகாது. மாட்டையும் வெள்ளாட்டையும்விட அதன் ஈரல் செம்பை அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியேற்றாது.

இது எனக்குத் தெரியாமல் இருந்த அந்த வருடத்தை மறக்கவே முடியாது. போர்டோ அடித்த மரத்தடியில் புல் நீலப்பூச்சாக இருந்ததைப் பார்த்தும் மந்தையை விட்டேன். மந்தை நன்றாகவே மேய்ந்தது. வாரக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் மழையில் நனைந்து வெகுதூரம் நடந்து வந்த மறுநாள், இரண்டு பெட்டைகள் தனியாகப் போய்ப் படுத்துவிட்டன. கண்ணின் உள்பக்கம் மஞ்சளாக இருந்தது. சிறுநீர் காப்பித்தூள் கரைத்த மாதிரி கருஞ்சிவப்பு. மாலைக்குள் இரண்டும் போய்விட்டன. ஈரலில் சேர்ந்த செம்பு ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிட்டது என்று மருத்துவர் பிறகு விளக்கினார். அதில் ஒன்று என் மகள் பால் புகட்டி வளர்த்தது.

இப்போது போர்டோ அடித்த பகுதியில் நல்ல மழை இரண்டு மூன்று பெய்து, பழைய புல்லை வெட்டி அகற்றி, புதுத் துளிர் வந்த பிறகுதான் விடுகிறேன். தண்டில் பசை பூசிய மரத்துக்குக் கட்டாயம் வலை. மாட்டுக்கான தாது உப்புக் கட்டியையும் செம்மறிக்கு வைக்காதீர்கள், அதிலும் செம்பு இருக்கும். கோழி எரு தூவிய இடத்திலும் கவனம்.

---

கால்நடை_வைத்தியர்:

தொழில்முறையில் கால்நடை மருத்துவன். மேலே எழுதியது முழுக்கச் சரி. கோழி எருவை அந்தச் சகோதரி குறிப்பிட்டது நன்று, கோழித் தீவனத்தில் செம்பு சேர்ப்பதால் எருவிலும் அது வரும்.

உங்கள் பட்டியலில் எனக்குப் பயம் தருபவை மூன்று.

உண்ணிச்செடி: இலையில் உள்ள லாண்டடீன் ஈரலைக் கெடுக்கும். ஈரல் கெட்டதும், பச்சை இலையிலிருந்து வரும் ஒரு பொருள் ரத்தத்திலேயே தங்கி, வெயில் படும்போது தோலை எரிக்கும். வெள்ளைத் தோல் உள்ள இடங்களான மூக்கு, காது, மடி எல்லாம் வெடித்து உரியும். வேறு மேய்ச்சல் இருக்கும்போது ஆடு அதைப் பெரும்பாலும் தொடாது. புது இடத்துக்குப் பசியோடு வந்த மந்தைதான் தின்னும். வேலியை முன்கூட்டியே வெட்டி, வெட்டிய கிளைகளையும் அகற்றிவிடுங்கள். வேலியில் அரளி இருக்கிறதா என்றும் பாருங்கள். அரளி சில இலைகளே போதும், காய்ந்த இலையிலும் விஷம் குறையாது.

பார்த்தீனியம்: கசப்பு, ஆடு ஒதுக்கும். கட்டாயப்படுத்தித் தின்ன வைத்தால் தோல் அரிப்பு, வாய்ப்புண், பால் கசப்பு, அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. மேய்ச்சலால் அதை அடக்க முடியாது. மற்ற செடிகளை ஆடு தின்றுவிட்டுப் பார்த்தீனியத்துக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும். பூப்பதற்கு முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்குவதுதான் வழி.

முள்ளுக்கீரை: சாதாரணமாக நல்ல தீவனம். ஆனால் வறட்சிக்குப் பின் மழை பெய்து சரசரவென்று வளரும்போதும், யூரியா போட்ட நிலத்திலும் அதில் நைட்ரேட் சேரும். வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். ஈறு நீலம் பாயும், ரத்தம் சாக்லேட் நிறமாகும். யூரியா வைத்த மரத்தடியில் முள்ளுக்கீரை மண்டியிருந்தால் அந்த வாரம் ஆடு வேண்டாம்.

பொதுவான ஒரு பழக்கம்: புது இடத்துக்கு வெறும் வயிற்றில் கொண்டுபோகக் கூடாது. காய்ந்த தீவனம் கொஞ்சம் போட்டு, தண்ணீர் காட்டி, பிறகு திறந்து விடுங்கள். என்னிடம் வந்த நஞ்சு பாதிப்புகளில் பெரும்பாலானவை பட்டினியில் தொடங்கியவைதான். 2,4-டி போன்ற களைக்கொல்லி அடித்த களை வாடும்போது சுவை கூடி, வழக்கமாக ஒதுக்கும் நச்சுச் செடியையும் ஆடு தின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

---

மேட்டாங்காடு:

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. அக்கா, உங்கள் ஆடுகளைப் பற்றிப் படித்தபோது கஷ்டமாக இருந்தது. சொன்னதற்கு நன்றி.

மந்தைக்காரரிடம் பேசினேன். செம்மறி மட்டும் நாற்பது தருகிறார். எத்தனை நாள் விடுவது, எப்படிக் கணக்குப் போடுவது?

---

வெள்ளாட்டுக்காரர்:

கணக்கு எளிதுதான் தம்பி. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கட்டி, அதில் உள்ள களையைக் கணுக்கால் உயரம் விட்டு அறுத்து எடை போடுங்கள். நாலைந்து இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள்.

ஒரு கிலோ வந்தது என்று வையுங்கள். அரை ஏக்கர் ஏறத்தாழ 2000 சதுர மீட்டர், ஆக 2000 கிலோ பச்சை. அதில் பாதியை விட்டுவைக்க வேண்டும், மிதிபடுவதும் அதற்குள் அடங்கும். மிச்சம் 1000 கிலோ.

ஆடு தன் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு உலர்தீவனம் எடுக்கும். 30 கிலோ செம்மறிக்கு 900 கிராம். இளம் பச்சையில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அப்படியென்றால் நாளைக்கு நாலரை கிலோ பச்சை. நாற்பது ஆட்டுக்கு 180 கிலோ. 1000 கிலோவை 180ஆல் வகுத்தால் ஐந்தரை நாள். தோட்டத்தை அரை ஏக்கராக ஆறு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஐந்து நாள் வையுங்கள்.

மூன்று ஏக்கரையும் ஒரே மூச்சில் திறந்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? முதல் நாள் முழுக்க ருசியான செடிகளின் நுனியை மட்டும் தேடித்தேடிக் கடிக்கும். முரடான களை அப்படியே நின்று பூத்து விதை போடும். கடித்த நல்ல செடி துளிர்த்ததும் திரும்ப அதையே கடிக்கும். கடைசியில் நல்லது அழிந்து கெட்டது மட்டும் மிஞ்சும். சின்ன இடம், நிறைய ஆடு, குறைந்த நாள் என்று வைத்தால் போட்டியில் ஒதுக்கிப் பார்க்க நேரம் இருக்காது, எல்லாவற்றையும் கடிக்கும்.

---

பயிரியல்_மாணவி:

மன்னிக்கவும், நான் இதற்கு எதிர்ப்பக்கம் பேசுகிறேன். மேய்ச்சல் களையை அடக்கும் என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் உலகில் பல மோசமான களைகளைப் பரப்பியதே கால்நடைதான்.

நம் நாட்டுக் கருவேலம் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்கு நிழலுக்கும் தீவனத்துக்கும் என்று கொண்டுபோகப்பட்டது. மாடுகள் நெற்றைத் தின்று சாணத்தில் விதையைப் போட்டுப் போட்டு, மரமே இல்லாத புல்வெளிகள் முள்காடாகிவிட்டன. சீமைக் கருவேலம் பரவியதும் இதே வழிதான். நெற்று இனிப்பு, விதைக்கு ஓடு கடினம், குடல் வழியாக வரும்போது ஓடு இளகி நன்றாக முளைக்கும், சுற்றிலும் எருவும் தயாராக இருக்கும். அதிகம் மேய்ந்த நிலத்தில் பார்த்தீனியம் பெருகுவதும் தெரிந்ததே, ஒரே செடி 15,000க்கும் மேல் விதை போடும்.

மந்தை வேறு வேறு இடம் சுற்றி வருகிறது. உங்கள் தோட்டத்தில் இல்லாத களையை அது கொண்டுவராது என்று எப்படி உறுதியாகச் சொல்வீர்கள்?

---

வெள்ளாட்டுக்காரர்:

நல்ல கேள்வி அம்மா. மறுக்க மாட்டேன், நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். பட்டி போட்ட இடத்தில் அடுத்த மழைக்குப் புழுக்கைக்குள்ளிருந்து வேலிக்காத்தான் முளைத்து நிற்கும்.

அதற்கு நான் செய்வது: விதை முற்றிய இடத்தில் மேய்ந்த மந்தையை நேராக அடுத்த நிலத்துக்குக் கொண்டுபோக மாட்டேன். நாலைந்து நாள் பட்டியில் அடைத்து, விதை இல்லாத தீவனம் கொடுத்து வயிறு காலியான பிறகுதான் போவேன். பெரும்பாலான விதை முதல் மூன்று நாளிலேயே வெளியே வந்துவிடும், மாட்டுக்கு ஒரு வாரம் வைப்பது நல்லது. கம்பளியிலும் குளம்பு இடுக்கிலும் ஒட்டியிருக்கும் முள்விதையையும் பார்க்க வேண்டும். கருவேல நெற்றைத் தீவனமாகக் கொடுப்பதானால் அரைத்துக் கொடுத்தால் விதை செத்துவிடும்.

---

புல்வெளி:

இரண்டு பேர் சொல்வதும் ஒரே இடத்தில்தான் வந்து சேருகிறது: எந்தப் பருவத்தில் கடிக்க வைக்கிறோம் என்பதில்.

ஒரு பல்லாண்டுக் களை முளைக்கும்போது வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் இலை விடும். மொக்கு வைக்கும் சமயத்தில் அந்தச் சேமிப்பு மிகக் குறைந்திருக்கும். அதற்குப் பிறகு இலை சம்பாதித்து மறுபடி வேரை நிரப்பும். ஆகவே மொக்கு வைக்கும்போது கடிக்க விடு, அது திரும்பத் துளிர்த்து வேரைக் காலி செய்யும்வரை காத்திரு, நிரப்பத் தொடங்குமுன் மறுபடி கடிக்க விடு. ஒருமுறை கடித்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது, பக்கக்கிளை விட்டு இன்னும் அடர்ந்துகொள்ளும். மூன்று நான்கு முறை தொடர்ந்தால்தான் இளைக்கும். ஓராண்டுக் களை என்றால் பூக்குமுன் ஒருமுறை, தப்பியதற்கு இன்னொரு முறை. விதை விழாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

வட அமெரிக்கப் புல்வெளிகளில் லீஃபி ஸ்பர்ஜ் என்று ஒரு களை, நம் அம்மான் பச்சரிசியின் சாதி, பால் வடியும். மாடு அதைத் தொடாது, ஆனால் செம்மறியும் வெள்ளாடும் நன்றாகத் தின்னும். வருடக்கணக்கில் மேய்த்தால் மேலே அடங்கிவிடும். ஆனால் வேர் 4 மீட்டருக்கும் கீழே போவது, மேய்ச்சலை நிறுத்தினால் திரும்ப எழும். பிறகு அதன் வேரைத் தின்னும் அஃப்தோனா என்ற சிறு வண்டையும் சேர்த்து விட்டார்கள், இரண்டும் சேர்ந்தபோதுதான் நல்ல பலன் கிடைத்தது. மேய்ச்சல் ஒரு கருவி, அதோடு இன்னொன்றும் சேர வேண்டும்.

உங்கள் தோட்டத்துக் கோரையும் அப்படித்தான். ஆடு மேலே கடிக்கும், கிழங்கு கீழே சிரித்துக்கொண்டிருக்கும். கோரைக்கு எதிரி நிழல். உங்கள் மரம் விரிந்து நிழல் மூட மூட அது குறையும். அருகைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: மேய மேய அது பெருகும், ஏனென்றால் படர்ந்து வளர்வதால் பல்லுக்குத் தப்பிவிடும், மேலே நிழல் போட்ட உயரச் செடிகளை ஆடு எடுத்துவிடும். ஆகவே இரண்டு வருடத்தில் உங்கள் தோப்பு அருகம்புல் விரிப்பாகும். மரத்தடியில் மட்டும் மூடாக்குப் போட்டுக்கொண்டால் அது எனக்கு நல்ல முடிவாகவே தெரிகிறது, மண் அரிக்காது.

---

ஏரிக்கரை:

தோப்பை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் இந்த இழையில் இருக்கவேண்டிய சேதி இது.

ராஜஸ்தானில் உள்ள பரத்பூர் கேவலாதேவ் பறவைகள் பூங்காவில் 1982இல் எருமை மேய்ச்சலை முற்றாக நிறுத்தினார்கள். மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்பது அப்போதைய எண்ணம். எருமைகள் போனதும் பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் ஆழமில்லாத நீர்ப்பரப்பை எல்லாம் மூடிவிட்டது. திறந்த தண்ணீர் இல்லாமல் வாத்துகளுக்கு இறங்க இடமில்லை, மீன்களுக்கும் சிரமம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பல ஆண்டுகள் நடத்திய ஆய்வு, தடை அந்த ஈரநிலத்துக்கு நல்லது செய்யவில்லை என்றே சொன்னது. எருமை தினமும் தின்று, மிதித்து, தண்ணீரைத் திறந்து வைத்திருந்தது. அந்த வேலையை ஆட்களும் இயந்திரமும் வைத்துச் செய்து மாளவில்லை.

---

மேட்டாங்காடு:

அருமையான சேதி ஐயா. இன்னொரு சந்தேகம். ஜிம்பாப்வே சூழலியலாளர் ஆலன் சேவரி 2013இல் பேசிய பேச்சைப் பார்த்தேன். மந்தையை நெருக்கமாக ஓட்டி மிதிக்க விட்டால் பாலைவனமே பச்சையாகும் என்கிறார். அப்படியானால் அதிக ஆடு நல்லதுதானே?

---

புல்வெளி:

அவர் சொன்னதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: மேய்ச்சலுக்குப் பின் நிலத்துக்கு முழு ஓய்வு. இதை அவருக்கு முன்பே பிரான்சில் ஆந்த்ரே வாசேன் 1950களில் எழுதிவிட்டார், புல் திரும்ப வளர்ந்து முடியும்வரை கால்நடை அங்கே வரக்கூடாது என்று. ஆனால் பாலைவனத்தைத் திருப்பிவிடலாம், காற்றிலுள்ள கரியை எல்லாம் இழுத்துவிடலாம் என்ற அவருடைய பெரிய வாதங்களை மேய்ச்சல் நில ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. மழை குறைந்த மண்ணில் குளம்பு மிதித்தால் மேல்மண் தூளாகிக் காற்றில் போகும். ஈரமான களிமண்ணில் மிதித்தால் இறுகும். உங்கள் பிரச்சினையே இறுகிய மண் என்கிறீர்கள். மழை பெய்த மறுநாள் மந்தையை உள்ளே விடவே விடாதீர்கள், கால் புதையாத அளவு காயட்டும்.

---

மின்வேலி:

ஆறு துண்டு என்றால் நிரந்தர வேலி தேவையில்லை. மின்வலை போதும், 90 செ.மீ. உயரம். சூரிய மின்கலத்தில் ஓடும் பெட்டி ஒன்று, ஏறக்குறைய ஒரு நொடிக்கு ஒருமுறை வலைக்கு மின்துடிப்பு அனுப்பும். செம்மறிக்குக் கம்பளி தடுப்பதால் 4000 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது, அளவுமானியால் தினமும் பாருங்கள்.

வேலி வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருபவர்களுக்குப் பத்துக்கு எட்டு தடவை கோளாறு நிலக்கம்பியில்தான். காய்ந்த மண்ணில் மின்சாரம் திரும்பி வராது. ஈரமான இடமாகப் பார்த்து ஆழமாக அடியுங்கள், கோடையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். வலையின் அடிக்கம்பியைப் புல் தொட்டாலும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும், அதனால் வலை விரிக்கும் தடத்தை முன்பே வெட்டிவிடுங்கள்.

முதல்முறை பார்க்கும் மந்தையை நேராக வலைக்குள் விடாதீர்கள். கெட்டியான வேலிக்குள் ஓரமாக வலையை விரித்து, இரண்டு நாள் பழக விடுங்கள். ஆடு மூக்கால் தொட்டுப் பின்வாங்க வேண்டும். பழகாத ஆடு அதிர்ச்சியில் முன்னால் பாய்ந்து வலையில் சுருட்டிக்கொள்ளும். கொம்புள்ளவற்றுக்கு இது உயிர் ஆபத்து.

---

கால்நடை_வைத்தியர்:

ஐந்து நாளில் மாற்றுவது குடற்புழுவுக்கும் நல்லது. ஈரமும் சூடும் உள்ள பருவத்தில் புழுக்கையில் உள்ள முட்டை பொரித்து, தொற்றும் குஞ்சாக ஏறக்குறைய ஒரு வாரமாகும், சில சமயம் நான்கைந்து நாளே போதும். அதற்குள் மந்தை அடுத்த துண்டுக்குப் போய்விட வேண்டும். குஞ்சுகள் புல்லின் அடிப்பகுதியில், நாலு விரல் உயரத்துக்குள்தான் அதிகம் இருக்கும். மொட்டையாக மேய விடாதே என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுதான் இங்கே எதிரி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஆட்டின் கீழ் இமையையும் கட்டைவிரலால் இறக்கிப் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் கவலை இல்லை. இளஞ்சிவப்புக்குப் போனால் எச்சரிக்கை, வெளுத்தோ வெள்ளையாகவோ இருந்தால் அன்றே மருந்து. தென்னாப்பிரிக்காவில் இதை வண்ண அட்டையாகவே செய்து ஃபமாச்சா என்று பெயர் வைத்தார்கள். எல்லா ஆட்டுக்கும் ஒரேயடியாக மருந்து கொடுக்காமல் வெளுத்ததற்கு மட்டும் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத புழு பெருகுவது தாமதமாகும்.

---

மேட்டாங்காடு:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். சொன்னபடி எல்லாம் செய்தேன்.

பார்த்தீனியத்தைப் பிடுங்கினேன், உண்ணிச்செடியை வெட்டி அகற்றினேன், தண்டுகளுக்கு வலை கட்டினேன். மந்தை நாலு நாள் பட்டியில் இருந்து வந்தது. எடை போட்டதில் சதுர மீட்டருக்கு 1.3 கிலோ, துண்டுக்கு ஏழு நாள் வரும் கணக்கு, மருத்துவர் சொன்னதற்காக ஐந்திலேயே மாற்றினேன்.

சாரணையும் முள்ளுக்கீரையும் முதல் நாளிலேயே போய்விட்டன. மூக்கிரட்டையின் கிழங்கு மட்டும் நிற்கிறது, துளிர்க்கிறது. கோரை நீங்கள் சொன்னபடியே. ஒரு மரத்தில் மட்டும் வலை நழுவி ஒரு சாண் பட்டை போய்விட்டது, சுற்றிலும் போகவில்லை, பிழைக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் துண்டில் ஒன்று நடந்தது. அங்கே தும்பை நிறைய. நாற்பதில் ஒன்றுகூடத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஒரு கிழட்டுப் பெட்டை மட்டும் மோந்து மோந்து நுனியைக் கடித்தது. அதன் குட்டி வாயோரம் முகத்தை நீட்டி மோந்தது. மறுநாள் குட்டியும் கடித்தது. ஐந்தாம் நாள் ஏழெட்டு ஆடுகள் தின்றன. இது எதனால்?

---

புல்வெளி:

அதுதான் தம்பி இந்த வேலையின் அழகு. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் புரோவென்சா இதையே பல ஆண்டுகள் ஆராய்ந்தார். எதைத் தின்பது என்று குட்டி பெரும்பாலும் தாயிடமிருந்து கற்கிறது, தின்ற பிறகு உடல் என்ன சொல்கிறது என்பதையும் வைத்து முடிவெடுக்கிறது. மாட்டையே களை தின்னப் பழக்கியிருக்கிறார் கேத்தி வோத் என்பவர். முதலில் சில நாள் அறிமுகமில்லாத சத்துள்ள தீவனங்களைக் கொடுத்து, புதியதைத் தின்றால் நல்லது என்ற நம்பிக்கையை வரவழைத்து, பிறகு களையைக் கலந்து கொடுப்பார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு செடியைத் தின்றதும் சிறிதளவு லித்தியம் குளோரைடு கொடுத்து வயிற்றைப் புரட்டினால் பிறகு அந்தச் செடியை ஆடு ஒதுக்கும். திராட்சை, ஆலிவ் தோட்டங்களில் ஆடு இலையைத் தொடாமல் இருக்க இதைச் சோதித்திருக்கிறார்கள். இதை நாமே வீட்டில் செய்து பார்க்கக் கூடாது, அளவு தப்பினால் விஷம்.

---

தோப்புக்காரி:

அந்தக் கிழட்டுப் பெட்டையை விற்றுவிட வேண்டாம் என்று மந்தைக்காரரிடம் சொல்லிவையுங்கள் தம்பி. அடுத்த முறையும் அதே மந்தையைக் கேளுங்கள். மந்தை மாறினால் படிப்பு முதலிலிருந்து தொடங்கும்.

அப்புறம் அறுவடை. அமெரிக்க இயற்கை வேளாண் விதியில், மட்காத எரு இட்ட நிலத்தில் விளைச்சல் மண்ணைத் தொடாது என்றால் 90 நாள், தொடும் என்றால் 120 நாள் இடைவெளி கேட்கிறார்கள். நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். கொய்யா உதிர்ந்து தரையில் விழும் பழம், அதனால் உங்களுக்கு 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ப்புத் தேதியிலிருந்து பின்னால் எண்ணி, மந்தை கடைசியாக வெளியேற வேண்டிய நாளைக் குறித்துவிடுங்கள்.

---

மேட்டாங்காடு:

எண்ணிப் பார்த்தேன் அக்கா. இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் நாள் இருக்கிறது. முதல் துண்டில் மூக்கிரட்டை இப்போது ஒரு சாண் வளர்ந்து மொக்கு வைக்கத் தொடங்கியிருக்கிறது. திங்கட்கிழமை மந்தை வருகிறது, கிழட்டுப் பெட்டையும் குட்டியும் சேர்த்துத்தான்.